'வெண்முரசு' முடிந்த மறுநாள்: நெடுந்தொடர் எழுதி முடித்த நாவலாசிரியர் அடுத்து என்ன செய்வார்?

2014 ஜனவரி 1. மகாபாரதத்தை நவீன நாவலாகத் திருப்பி எழுதும் 'வெண்முரசு' தொடரின் முதல் அத்தியாயத்தை எழுத்தாளர் ஜெயமோகன் தன் இணையதளத்தில் வெளியிட்டார். தினம் ஒரு அத்தியாயம். பத்து வருஷம் ஆகும் என்பது அன்றைய கணக்கு. ஆனால், ஆறரை வருஷத்திலேயே வேலை முடிந்துவிட்டது. 2020 ஜூலை 16 அன்று தொடர் நிறைவடைந்தது. மொத்தம் 26 நாவல்கள், 20,000 பக்கங்களுக்கு மேல். நாவலுக்கும் நாவலுக்கும் நடுவே விட்ட சிறு இடைவெளிகள் தவிர, ஏறத்தாழ எல்லா நாளும் எழுத்துதான்.

சரி, ஜூலை 17 காலையில் அந்த மனிதர் என்ன செய்வார்?

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் மூணு வருஷம் ஒரே ப்ராஜெக்ட்டில் கிடந்து, கோ-லைவ் முடிந்து, கேக் வெட்டி, அடுத்த திங்கள்கிழமை லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், இந்தக் கேள்வியின் எடை தெரியும். நாவலாசிரியருக்கு அது இன்னும் கொஞ்சம் கூடுதல். உங்களுக்கு அடுத்த டிக்கெட்டை ஒரு மேனேஜர் ஒதுக்குவார். அவருக்கு யாரும் ஒதுக்க மாட்டார்கள்.

ஊட்டி எங்கே வருகிறது?

ஜெயமோகன் நாகர்கோவில்காரர். ஆனால், அவருடைய எழுத்து வாழ்க்கையின் முக்கியமான முகவரி ஒன்று நீலகிரியில் இருக்கிறது. ஊட்டி நகரத்தை விட்டுக் கொஞ்சம் விலகினால் ஃபெர்ன்ஹில். அங்கே உள்ளது நாராயண குருகுலம். கேரளத்தின் ஸ்ரீ நாராயண குருவுடைய மாணவர் நடராஜ குரு 1923-ல் தொடங்கிய அமைப்பு. நடராஜ குருவின் மாணவர் நித்ய சைதன்ய யதி கடைசி வரை இருந்த இடமும் அதுதான். ஜெயமோகன் தன் குருவாகச் சொல்வது நித்யாவைத்தான்.

1990-களில் நித்யா இருந்தபோதே அங்கே இலக்கியச் சந்திப்புகள் தொடங்கின. 1999 மே மாதம் நித்யா மறைந்தார். சந்திப்பு நிற்கவில்லை. அவர் பெயரிலேயே வருஷாவருஷம் நடந்தது. சங்கப்பாடல், கம்பன், உலகச் சிறுகதை என மூன்று நாள் பேச்சு. ஊட்டிக் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து கம்பராமாயணம் பேசுவது என்றால் பலர் சிரிப்பார்கள். போய்வந்தவர்கள் சிரிப்பதில்லை. இப்போது இந்த முகாம்கள் ஈரோடு மாவட்டத்து மலைப்பகுதியில் உள்ள 'நித்யவனம்' என்ற இடத்தில் நடக்கின்றன.

அந்தக் குருகுல மரபில் நம் கேள்விக்கு உதவும் ஒரு விஷயம் உண்டு. நாராயண குரு எழுதிய 'ஆத்மோபதேச சதகம்' நூறே செய்யுள்தான். அதற்கு நடராஜ குரு உரை எழுதினார். அவர் எழுதிவிட்டாரே என்று நித்யா விடவில்லை, அவரும் எழுதினார். அதாவது, அங்கே ஒரு நூல் 'முடிந்துவிட்டது' என்ற பேச்சே கிடையாது. நாவல் அப்படி இல்லை. கதை என்றால் முடிந்தே ஆக வேண்டும். பாத்திரங்கள் செத்துப்போவார்கள், அல்லது வீடு திரும்புவார்கள். அதன்பிறகு அங்கே நமக்கு வேலை இல்லை.

வியாசருக்கே வந்த சோர்வு

இந்தச் சிக்கலுக்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய பதிவு பாகவத புராணத்தில் இருக்கிறது. வேதங்களைப் பிரித்து வகுத்தாயிற்று, மகாபாரதத்தையும் எழுதி முடித்தாயிற்று. அப்புறம் வியாசர் சரஸ்வதி நதிக்கரையில் போய் உட்காருகிறார். மனசு சரியில்லை. எல்லாம் செய்தும் ஏதோ குறைகிறது, என்ன குறைகிறது என்று அவருக்கே பிடிபடவில்லை. அப்போது நாரதர் வருகிறார்.

நாரதர் 'கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க' என்று சொல்லவில்லை. 'பாரதத்துக்கு இன்னொரு பாகம் போடுங்க' என்றும் சொல்லவில்லை. அறம், பொருள் என்று நிறையச் சொல்லிவிட்டீர், கண்ணனின் லீலையைப் பாடவில்லையே என்கிறார். போரும் குலப்பகையும் சதியும் நிறைந்த நூலை முடித்த கை, குழந்தை வெண்ணெய் திருடும் கதைக்குப் போகிறது. புராணத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இதை எழுதியவர், அவர் யாராக இருந்தாலும், எழுத்தாளனின் நோயை அறிந்தவர்.

அங்கே உள்ள மருந்தைக் கவனியுங்கள். அளவையோ உழைப்பையோ கூட்டச் சொல்லவில்லை, வகையை மாற்றச் சொல்கிறது. பெருந்தொடர் முடித்தபின் நன்றாக மீண்ட எழுத்தாளர்களைத் தேடிப் பார்த்தால், பெரும்பாலோர் செய்தது இதைத்தான்.

டால்ஸ்டாய் எழுதிய பாலபாடம்

'போரும் அமைதியும்' 1869-ல் முடிந்தது. அடுத்த வருஷக் குளிர்காலத்தில் டால்ஸ்டாய் கிரேக்கம் படிக்க உட்கார்ந்துவிட்டார். பிறகு பண்ணைப் பிள்ளைகள் எழுத்துக் கற்றுக்கொள்ள ஒரு பாலபாடப் புத்தகம் தயாரித்தார். 1872-ல் அது வெளியானது. ஐந்நூறுக்கு மேற்பட்ட பாத்திரங்களை மேய்த்த ஆள், ஐந்து வரிக் கதைகளை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார்.

நடுவே ஒரு தவறான முயற்சியும் உண்டு. மகா பீட்டர் பற்றி இன்னொரு பெரிய வரலாற்று நாவல் எழுதப் பார்த்தார். தொடங்குவார், கிழிப்பார், மறுபடி தொடங்குவார். கடைசியில் கைவிட்டார். மலையிலிருந்து இறங்கிய உடனே அடுத்த மலை ஏறப் பார்த்தது அது. 1873-ல் அவர் எழுதத் தொடங்கிய 'அன்னா கரீனினா'வில் நெப்போலியனும் இல்லை, போர்க்களமும் இல்லை. குடும்பம்தான். அந்தப் பாலபாட வேலைதான் அவர் நடையைச் சுத்தம் செய்து இந்த நாவலுக்குத் தயாராக்கியது என்று நான் நினைக்கிறேன்.

ஜே.கே. ரௌலிங் வேறொரு வழியைப் பிடித்தார். ஹாரி பாட்டர் கடைசிப் புத்தகம் 2007-ல் வந்தது. 2012-ல் பெரியவர்களுக்கான ஒரு நாவல் எழுதினார். படித்தவர்கள் மந்திரக்கோலைத் தேடினார்கள். 2013-ல் 'ராபர்ட் கால்பிரெய்த்' என்ற ஆண் பெயரில் ஒரு துப்பறியும் நாவல் வந்தது. எழுதியவர் யாரென்று தெரிவதற்கு முன்பு பிரிட்டனில் அது விற்றது சுமார் 1,500 பிரதிகள் என்று அப்போது செய்தி வந்தது. உலகத்தில் அதிகம் விற்கும் எழுத்தாளரின் புத்தகம்! சில மாதங்களிலேயே ரகசியம் கசிந்ததும் விற்பனை எகிறியது வேறு கதை. அந்தச் சில மாதங்கள் அவருக்கு எவ்வளவு பெரிய விடுமுறையாக இருந்திருக்கும்!

விதிவிலக்கும் உண்டு. விக்டோரியா காலத்து ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரலோப் தபால் துறை அதிகாரி. கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் என எழுதியவர். ஒரு நாவலை முடித்த மறுநாளே அடுத்ததைத் தொடங்கியதைத் தன் வரலாற்றில் சாதாரணமாகக் குறிப்பிடுகிறார். இப்படியும் சிலர் பிறக்கிறார்கள். இவர்களைப் பார்த்து நாம் பொறாமைப்படலாம், பின்பற்ற முடியாது.

கல்கியும் முடிவு கேட்ட வாசகர்களும்

தமிழில் இந்தக் கதை கொஞ்சம் வலிக்கும்.

'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை ஓடியது. மூன்றரை வருஷம், ஐந்து பாகம். முடிந்ததும் வாசகர்கள் விடவில்லை. அவர் என்ன ஆனார், இவர் யாரைக் கட்டிக்கொண்டார், கதை சட்டென்று நின்றுவிட்டதே என்று கேள்விகள். கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைய பாஷையில், 'சீசன் 2 எப்போ?'

கல்கியின் வரிசையைக் கவனித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' என்று பல்லவர் காலத்தில் இருந்தவர், அடுத்த பெரிய நாவலாக 'அலை ஓசை' எழுதினார். அது சுதந்திரப் போராட்டமும் பிரிவினையும் நடந்த சமகாலம். பிறகு சோழர் காலம். அதை முடித்ததும் மறுபடி சமகாலத்துக்கு வந்து 'அமரதாரா'வைத் தொடங்கினார். வயலில் பயிர் மாற்றுவது மாதிரி. சீசன் 2 கேட்டவர்களுக்கு அவர் அதைத் தரவில்லை. பின்னாளில் விக்கிரமன்தான் 'நந்திபுரத்து நாயகி' எழுதி அந்த ஆசையைத் தீர்த்துவைத்தார்.

ஆனால், 'அமரதாரா' பாதியில் இருக்கும்போதே, 1954 டிசம்பர் 5 அன்று கல்கி காலமானார். வயது 55. அப்பாவின் குறிப்புகளை வைத்துக்கொண்டு மகள் ஆனந்தி அந்த நாவலை எழுதி முடித்தார். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களில் எத்தனை பேருக்கு 'அமரதாரா' என்ற பெயர் தெரியும்? உங்கள் ஆபீஸில் கேட்டுப் பாருங்க. பெரிய நூலுக்கு அடுத்து வரும் நூலின் விதி பல நேரம் இதுதான். நிழலிலேயே பிறக்கும், நிழலிலேயே நிற்கும்.

கவாத்து என்றால் என்ன?

மறுபடி நீலகிரிக்கு வருவோம். குன்னூர் - கோத்தகிரிச் சாலையில் போகும்போது, பச்சைப் பசேல் சரிவுகளுக்கு நடுவே ஒரு துண்டு மட்டும் வெறும் குச்சியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். செடி காய்ந்துவிட்டது என்று நினைத்துச் சுற்றுலாப் பயணிகள் கேட்பார்கள். காயவில்லை, கவாத்து செய்திருக்கிறார்கள்.

தேயிலையைச் சும்மா விட்டால் மரமாக வளர்ந்துவிடும். கொழுந்து பறிக்கப் பறிக்கச் செடி உயர்ந்துகொண்டே போகும், விளைச்சல் குறையும். அதனால் நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை கிளைகளை வெட்டிவிடுவார்கள். உயரமான இடங்களில் இந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் கூடும். வெட்டிய பின் சில மாதங்களுக்கு அந்தச் சரிவில் பறிப்பு கிடையாது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இலையெல்லாம் போனபின் செடி எதை வைத்து மறுபடி துளிர்க்கும்? வேரில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தை வைத்து. அதனால் கவாத்துக்கு முன்பு வேரை வெட்டி அயோடின் தொட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. நீலக்கருப்பாக மாறினால் சத்து இருக்கிறது, வெட்டலாம். மாறாவிட்டால் செடிக்கு ஓய்வு தர வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் செடி செத்தே போகலாம். இன்னொரு முறையும் உண்டு. மொத்தமாக வெட்டாமல் ஒன்றிரண்டு கிளைகளை இலையோடு விட்டுவைப்பது. 'லங் ப்ரூனிங்' என்பார்கள். புதுத் துளிர் வரும்வரை செடி மூச்சு விட அந்தக் கிளை போதும்.

எழுத்தாளர் விஷயத்துக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். மனுஷன் தேயிலைச் செடி இல்லை. ஆனால், ஜெயமோகன் 2020-ல் செய்ததைப் பார்த்தால் அந்த விட்டுவைத்த கிளைதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

முடிவதற்கு முன்பே தொடங்கிய அடுத்தது

2020 மார்ச். கொரோனா ஊரடங்கு. 'வெண்முரசு' கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. கிருஷ்ணனின் குலமே அழியும் பகுதி, பிறகு பாண்டவர்களின் இறுதிப் பயணம். இந்த நேரத்தில் அவர் தினம் ஒரு சிறுகதை வீதம் வெளியிடத் தொடங்கினார். 'புனைவுக் களியாட்டு' என்று அதற்குப் பெயர். முதல் வரிசையிலேயே 69 கதைகள். பிறகு எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

என்ன மாதிரிக் கதைகள்? 'வெண்முரசு' மொழி வடசொல் தவிர்த்த, செறிவான, உயர்ந்த தமிழ். பேச்சுவழக்கு எட்டிப் பார்க்காது. இந்தக் கதைகளில் பலவற்றில் குமரி மாவட்டத்துப் பேச்சு, நாட்டுப்புறக் கிண்டல், வீட்டுக்குள் சிக்கிக்கொண்ட யானை. ஒரு காலத்தில் தான் வேலை பார்த்த தொலைபேசித் துறையை வைத்து ஒரு கொத்துக் கதைகள். அவை 'வான்நெசவு' என்று தனித் தொகுப்பாயின. துப்பறியும் கதைகள்கூட உண்டு.

ஆறு வருஷம் அரசர்களோடும் முனிவர்களோடும் இருந்தவருக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஊழியர்கள் எவ்வளவு பெரிய ஆசுவாசம்! தொடர் முடிந்த பிறகு வெற்றிடத்தை நிரப்பக் கிளம்பவில்லை. முடியும் முன்பே வேறொரு கதவைத் திறந்து வைத்துவிட்டார்.

2021-ல் வந்த 'குமரித்துறைவி' இன்னும் துல்லியமான உதாரணம். படையெடுப்புக் காலத்தில் மதுரை மீனாட்சியின் திருமேனி தெற்கே வேணாட்டுக்கு வந்து பாதுகாக்கப்பட்டதையும், திரும்பிப் போகும்போது அந்த ஊரே தன் மகளைக் கல்யாணம் செய்து அனுப்புவதுபோல் அனுப்பியதையும் சொல்லும் சிறிய நாவல். கதை முழுக்கக் கெட்டது என்று எதுவும் நடக்காது. பந்தல் போடுவது, சமையல், சீர் வரிசை, ஏற்பாட்டுப் பதற்றம், கண்ணீர். குருக்ஷேத்திரத்தை எழுதி முடித்தவர் ஒரு கல்யாண வீட்டை எழுதுகிறார். நாரதர் வியாசருக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதானே?

எல்லோருக்கும் இது வாய்க்குமா?

வாய்க்காது. இதில் பணமும் இருக்கிறது. தமிழில் நாவல் எழுதி மட்டும் வீட்டு வாடகை கட்ட முடியாது. ஜெயமோகனுக்குச் சினிமா எழுத்து இருந்தது. தன் இலக்கிய வேலைக்குச் சினிமா வருமானம் கைகொடுத்ததை அவரே வெளிப்படையாகச் சொல்லிவருகிறார். மணிரத்னம் இயக்கத்தில் 2022-ல் வந்த 'பொன்னியின் செல்வன்' படத்துக்கு வசனம் எழுதியதும் அவர்தான். கல்கியின் நெடுந்தொடரை, இன்னொரு நெடுந்தொடர் எழுதி முடித்தவர் கையில் கொடுத்தார்கள்!

சினிமா வாய்ப்பு இல்லாமலே இந்தப் பிரச்சினையைத் தீர்த்தவர் ராஜம் கிருஷ்ணன். கணவர் மின்துறைப் பொறியாளர். அவரோடு நீலகிரியில் வாழ்ந்த அனுபவத்திலிருந்துதான் படகர் வாழ்க்கையைச் சொல்லும் 'குறிஞ்சித்தேன்' வந்தது. அந்த வெற்றிக்குப் பிறகு இன்னும் நாலு மலை நாவல் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கோவாவுக்குப் போனார். சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளையரைப் பற்றி எழுதினார். 'அலைவாய்க்கரையில்' நாவலுக்காக மீனவர் குப்பங்கள், 'கரிப்பு மணிகள்' நாவலுக்காகத் தூத்துக்குடி உப்பளங்கள். ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு புது ஊர், புதுத் தொழில், புது வழக்குமொழி. வெற்றிடம் வருவதற்கு அவர் நேரமே கொடுக்கவில்லை. டேபிளுக்கு முன் உட்கார்ந்து 'அடுத்து என்ன?' என்று யோசிப்பதைவிட பஸ் ஏறுவது மேல் என்று நினைத்தாரோ என்னவோ.

வாசகர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 'வெண்முரசு' முழுவதையும் படித்தவர்கள் எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் படித்தவர்கள் அதை மதம் மாதிரிப் பற்றிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட வாசகருக்கு எழுத்தாளரின் அடுத்த நூல் எப்போதும் கொஞ்சம் துரோகம். கானன் டாயில் 1893-ல் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றுவிட்டு வரலாற்று நாவல் எழுதப் போனார். பத்து வருஷத்துக்குள் பழையபடி உயிரோடு கொண்டுவர வேண்டியதாயிற்று. மகாபாரதத்தில் அந்த ஆபத்து இல்லை. எல்லோரும் செத்தபிறகுதான் கதையே முடிகிறது.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

'வெண்முரசு' 26 நாவல்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பயமாக இருந்தால் முதல் நாவல் 'முதற்கனல்' போதும். அதுவும் கனமாகத் தெரிந்தால் 'குமரித்துறைவி' படியுங்கள். ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம், அவருடைய பழைய நூல் எதையும் படித்திருக்கத் தேவையில்லை.

2025-ல் அவர் 'காவியம்' என்ற பெரிய நாவலை மறுபடி இணையத்தில் தொடராக எழுதினார். குணாட்யர் பைசாச மொழியில் எழுதியதாகச் சொல்லப்படும், இன்று மூலம் கிடைக்காத 'பிருகத்கதை'யைச் சுற்றியது அது. கதைப்படி, தன் நூலை மன்னன் மதிக்காததால் குணாட்யர் காட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு ஏடாகப் படித்துத் தீயில் போட்டார். விலங்குகள் மட்டும் சுற்றி நின்று கேட்டன. 'வெண்முரசு' முடிந்து ஐந்து வருஷம் கழித்து அவர் எடுத்துக்கொண்ட பொருள் இது.